மீன் சாப்பிட்டதும் முகம் சிவந்தது: ஃபார்மலின்தான் காரணமா?

கேள்வி: மீன்பிடி தடைக்காலத்தில் வெளியூரிலிருந்து வந்த கானாங்கெளுத்தி வாங்கிக் குழம்பு வைத்தேன். சாப்பிட்ட அரை மணி நேரத்தில் எனக்கும் மகனுக்கும் முகம் சிவந்து, அரிப்பு, தலைவலி, படபடப்பு. சாயங்காலத்துக்குள் சரியாகிவிட்டது. ஃபார்மலின் போட்ட மீன் என்கிறார் மாமியார். புற்றுநோய் வருமா டாக்டர்?
– வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: மாமியார் சந்தேகப்பட்டதில் தவறில்லை. ஆனால் நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் எனக்கு ஹிஸ்டமின் மீதுதான் சந்தேகம். அலர்ஜி போலவே முகச் சிவப்பும் அரிப்பும் உண்டாக்கும் ரசாயனம் அது. கானாங்கெளுத்தி, சூரை, மத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். ஐஸ் போதாமல் மீன் சூடேறினால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அதன் பிறகு எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது. இரண்டு பேருக்கும் ஒன்றாக வந்திருப்பதால் மீன் அலர்ஜியாக இருக்க வாய்ப்பு குறைவு.

ஃபார்மலின் வேறு விஷயம். ஆபரேஷனில் எடுத்த சதைத் துண்டை லேபுக்கு அனுப்ப நாங்கள் போட்டுவைக்கும் திரவம் அது. புரதத்தை இறுக்கி, அழுகலை நிறுத்திவிடும். மீனில் அதைச் சேர்க்கச் சட்டத்தில் இடமே இல்லை. அதிகமாக உள்ளே போனால் வாயும் தொண்டையும் எரியும், வயிறு வலிக்கும், வாந்தி வரும். அதிலுள்ள ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் அறிவித்தது. அதற்கான ஆதாரம் பெரும்பாலும், வேலையிடத்தில் ஆண்டுக்கணக்கில் அதைச் சுவாசித்தவர்களிடம் கிடைத்தது. ஒரு வேளைக் குழம்பை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்காக, பிள்ளைகள் சாப்பிடும் பொருளில் இதைக் கலப்பவர்களை மன்னிக்க என்னால் முடியாது.

வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பாருங்கள். ஈரமாக, நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். சதை ரப்பர் மாதிரி இறுகி, கண் குழிந்து, மீன் வாடையே இல்லாமல் இருந்தால் வேண்டாம். விறைப்பை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். இப்போதுதான் செத்த மீனும் விறைத்துத்தான் இருக்கும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் ஃபார்மலினைக் கண்டுபிடிக்கக் காகிதப் பட்டை உருவாக்கியிருக்கிறது. சில நிமிடத்தில் நிறம் மாறிக் காட்டிவிடும். சந்தேகம் என்றால் உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் புகார் கொடுங்கள். ஓடும் தண்ணீரில் கழுவினால் ஃபார்மலின் ஓரளவு குறையும், முழுதாகப் போகாது.

மீனை விட வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் போகாவிட்டாலும் நாட்டுப்படகு மீன் கரைக்கு வரும், அதை வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுபடி இப்படி வந்து, கூடவே மூச்சுத் திணறலோ, உதடு, நாக்கு வீக்கமோ, மயக்கமோ இருந்தால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.