ராத்திரி தலைமாட்டுல போனை கடிகாரமா வச்சா ஒண்ணு ஸ்க்ரீன் அணைஞ்சு போகுது, இல்லேன்னா தானா எரிஞ்சு தூக்கத்தை கெடுக்குது. எப்படி சரி பண்றது?

இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் உடனே நாலு பேர் வந்து போனை ரூமுக்கு வெளியே வை, ஒரு டைம்பீஸ் வாங்கு, போன் பக்கத்துல இருந்தா தலைவலி வரும்னு அறிவுரை சொல்லிட்டு போயிடுவாங்க. கேட்டவருக்கு வேண்டியது அது இல்லை. நைட் ஷிஃப்ட்டோ, கைக்குழந்தை இருக்குற வீடோ, விடியுறதுக்கு முன்னாடி எழும்பி ஓடுற வேலையோ ஏதோ ஒண்ணு இருக்கப் போய்தான் நீங்க நடுராத்திரியில மணி பாக்குறீங்க. அது எனக்கு நல்லா தெரியும், ஏன்னா எங்க வீடே மணி பாத்து ஓடுற வீடு.

நாங்க கன்னியாகுமரி மாவட்டம், குலசேகரம் பக்கம். பிள்ளைக்க அப்பா ரப்பர் வெட்டுக்கு, அதாவது மரப் பட்டையை சீவி பால் எடுக்குற வேலைக்கு போறவரு. ராத்திரி ரெண்டரை மூணு மணிக்கு எழும்பி, நெத்தியில ஹெட்லைட் கட்டிட்டு விளைக்கு (ரப்பர் தோட்டத்துக்கு) போயிடுவாரு. இவ்வளவு காலம்பற எதுக்குன்னு வெளியூர்காரங்க கேப்பாங்க. ராத்திரி குளிர்ச்சியில மரத்துக்குள்ள பாலோட அழுத்தம் கூடுதலா இருக்கும், அப்பம் வெட்டுனாதான் பால் நல்லா வடியும், வெயில் ஏறுனா சீக்கிரமே நின்னு போகும். அப்புறம் சிரட்டை சிரட்டையா பாலை சேத்து எடுத்துட்டு வரணும், ஆசிட் ஊத்தி உறைய வச்சு ஷீட் அடிக்கணும், இந்தப் பாதி வேலை என் கையிலதான்.

இதுல மணி பாக்குறது அலாரத்தோட முடியுற விஷயம் இல்லை. எங்க மாவட்டத்துல ஜூன்லயும் மழை, அக்டோபர் நவம்பர்லயும் மழை. மரம் நனைஞ்சு இருந்தா வெட்ட முடியாது, பால் வெட்டுன சாலுல இறங்காம பட்டை மேல பரவி வீணா போகும். அதனால ராத்திரி கூரை ஷீட்டுல மழை விழுற சத்தம் கேட்டா அவரு முழிச்சுடுவாரு. மணி பன்னெண்டா இருந்தா, மழை விட்டு மரம் காய நேரம் இருக்குன்னு திரும்பி படுப்பாரு. ரெண்டா இருந்தா இன்னைக்கு வெட்டு இல்லேன்னு தெரிஞ்சுடும். இது தெரியத்தான் மணி வேணும். அவரு போன் பட்டனை அமுக்குவாரு, வால்பேப்பர்ல இருக்குற வெள்ளை வெளேர்னு ஒரு சாமி படம் மொத்த வெளிச்சத்தோட முகத்துல அடிக்கும், நடுவுல படுத்திருக்குற சின்னவ கண்ணைக் கசக்கிட்டு எழும்பிடுவா, அப்புறம் மூணு பேருக்கும் தூக்கம் போச்சு. அதுல இருந்துதான் நான் இந்த ஸ்க்ரீன் விஷயத்தை உக்காந்து படிச்சு, ஒவ்வொரு செட்டிங்கா போட்டு பாத்து சரி பண்ணினேன். எனக்கு கம்ப்யூட்டர் படிப்பு எதுவும் கிடையாது, அதனால டெக்னிக்கல் ஆளுங்க வந்து வார்த்தையில குத்தம் பிடிக்க வேண்டாம், சொல்றது எல்லாம் கையால செஞ்சு பாத்தது.

முதல்ல உங்க போன் டிஸ்ப்ளே எல்சிடியா அமோலெட்டான்னு பாருங்க, ஏன்னா மத்தது எல்லாம் அதை வச்சுதான். ரூம் லைட்டை அணைச்சுட்டு முழுக் கறுப்பா ஒரு படத்தை ஸ்க்ரீன்ல திறந்து பாருங்க. கறுப்பு சாம்பல் கலர்ல லேசா ஒளி விட்டா எல்சிடி. ஜன்னல் திரைக்கு பின்னாடி லைட் போட்ட மாதிரி, எல்சிடியில பின்னாடி ஒரு வெளிச்சம் முழுசா எரிஞ்சுகிட்டே இருக்கும், முன்னாடி கறுப்பு காட்டினாலும் அது அணையாது. அமோலெட்ல ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியா எரியுறது, கறுப்பு இருக்குற இடம் அணைஞ்சே இருக்கும். அதனாலதான் ஆல்வேஸ் ஆன் டிஸ்ப்ளேன்னு சொல்ற, மணி மட்டும் மங்கலா தெரியுற வசதி பெரும்பாலும் அமோலெட் போன்ல மட்டும் வருது. சாம்சங்ல 2016ல கேலக்ஸி எஸ்7ல வந்தது.

எல்சிடி ஆண்ட்ராய்டு போனா இருந்தா உங்களுக்கு இருக்குறது ஸ்க்ரீன் சேவர், போன் சும்மா இருக்கும்போது ஸ்க்ரீன்ல கடிகாரம் மாதிரி ஏதாவது காட்டுற வசதி. செட்டிங்ஸ்ல டிஸ்ப்ளேக்குள்ள இருக்கும், கிடைக்கலேன்னா செட்டிங்ஸ்ல மேல தேடுற இடத்துல அடிச்சு பாருங்க. அதுல கடிகாரத்தை தேர்ந்தெடுத்து, நைட் மோடு போட்டா எழுத்து மங்கலா ஆகும், சார்ஜ் ஏறும்போது ஓடுன்னு வச்சுக்கணும். இதுல நிறைய பேர் மாட்டுற இடம் ஒண்ணு இருக்கு. சார்ஜ் போட்டு, பழக்கத்துல பவர் பட்டனை அமுக்கி அணைச்சுட்டு படுத்துட்டு, கடிகாரம் வரலேன்னு சொல்வாங்க. பட்டனை அமுக்குனா போன் தூங்கப் போயிடும், ஸ்க்ரீன் சேவர் வராது. அமுக்காம அப்படியே வச்சுடணும், ஸ்க்ரீன் டைம்அவுட் முடிஞ்சு தானா அணையுற நேரத்துல அது வரும். கூகுள் கிளாக் ஆப்ல மூணு புள்ளியை தொட்டாலும் ஸ்க்ரீன் சேவர்னு இருக்கு, அங்க இருந்து உடனே ஓட விடலாம். உங்களுக்கு ஸ்க்ரீன் அணைஞ்சு போற பிரச்சனை பாதிக்கு மேல இதுவாத்தான் இருக்கும்.

சில பேர் பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டி டெவலப்பர் ஆப்ஷனை திறந்து, சார்ஜ் போடும்போது ஸ்க்ரீன் அணையவே கூடாதுன்னு வச்சுக்கோன்னு சொல்லித் தருவாங்க. தயவு செஞ்சு அதை செய்யாதீங்க. அது கடிகாரத்துக்குன்னு வந்த வசதி இல்லை, ஆப் செய்யுறவங்க டெஸ்ட் பண்றதுக்கு வச்சது. எந்த ஸ்க்ரீன் திறந்திருக்கோ அது ராத்திரி முழுக்க அப்படியே எரியும். அமோலெட்ல ஒரே இடத்துல ஒரே படம் மணிக்கணக்கா நின்னா அந்த புள்ளிகள் மட்டும் சீக்கிரம் தேஞ்சு தழும்பு விழும், அது போகாது. ஸ்க்ரீன் சேவரும் ஆல்வேஸ் ஆனும் மணியை அப்பப்போ கொஞ்சம் கொஞ்சமா நகத்திகிட்டே இருக்குறது இந்த தழும்பு விழாம இருக்கத்தான்.

ஆனா இந்த ஸ்க்ரீன் சேவர் எங்க வீட்டுக்கு ஆகலை, காரணம் கரண்ட். அது சார்ஜை நம்பி ஓடுற விஷயம். எங்க பக்கம் காத்து அடிச்சா ரப்பர் கொப்பு முறிஞ்சு லைன் மேல விழும், மழைக்காலத்துல ராத்திரி கரண்ட் போயிட்டு வந்துகிட்டு இருக்கும். கரண்ட் போச்சுன்னா சார்ஜ் நின்னு கடிகாரம் போயிடும், போறப்ப ஸ்க்ரீன் ஒரு தடவை பளிச்சுன்னு எரியும். திரும்பி வந்தா மறுபடி எரிஞ்சு, சார்ஜ் ஏறுது ஏறுதுன்னு ஒரு சத்தம் வேற. சத்தத்தை சவுண்ட் செட்டிங்ல சார்ஜிங் சவுண்டுன்னு இருக்கும், அதை அணைச்சுடலாம். வெளிச்சத்தை நிறுத்த நான் பாத்த போன் எதுலயும் செட்டிங் இல்லை. அப்போ மணி பாக்க வச்ச போன், கரண்ட் போற நேரமெல்லாம் வீட்டை எழுப்பி விடுற போனா ஆயிடுது. சிட்டியில இன்வெர்ட்டர் வச்சு இருக்குறவங்களுக்கு இது புரியாது, அவங்க எழுதுற டிப்ஸ் எல்லாம் சார்ஜ்ல போட்டு வைங்கன்னுதான் ஆரம்பிக்கும்.

டிஜிட்டல் கடிகாரம் வாங்கலாமேன்னு கேப்பீங்க. அண்ணன் கல்ஃப்ல இருந்து கொண்டு வந்த ஒண்ணு இருந்தது, சிவப்பு எழுத்து, பாக்க அழகா இருக்கும். கரண்ட் போயிட்டு வந்தா 12:00ன்னு விட்டு விட்டு எரிஞ்சுகிட்டு நிக்கும், யாராவது எழும்பி மணி வைக்கணும். பேட்டரி போட்ட சுவர் கடிகாரம் இருட்டுல தெரியாது. 2017 நவம்பர் 30ல ஒக்கி புயல் அடிச்சப்போ எங்க பக்கம் ரப்பர் மரம் கூட்டம் கூட்டமா முறிஞ்சு கிடந்தது, நாள் கணக்கா கரண்ட் இல்லாம இருந்தோம், அது எங்க யாருக்கும் மறக்காது. ப்ளக்ல சொருகுனாதான் ஓடும்ங்குற எந்த பொருளையும் நம்பி நான் இருக்க மாட்டேன்.

அதனால நான் கண்ட வழி, ராத்திரி சார்ஜ் போடாத போன்தான் தலைமாட்டு கடிகாரம். அண்ணன் விட்டுட்டு போன பழைய சாம்சங் அமோலெட் போன் ஒண்ணு பீரோவுல சும்மா கிடந்தது. கண்ணாடி ஒரு மூலையில கீறி இருக்கு, மத்தபடி நல்லா ஓடும். சிம்மை எடுத்துட்டு ஏரோப்ளேன் மோடு போட்டேன், அப்பம் மெசேஜ் வந்து எரியுற பேச்சே கிடையாது. லாக் ஸ்க்ரீன் செட்டிங்ல ஆல்வேஸ் ஆன் டிஸ்ப்ளேயை திறந்தா, தொட்டா மட்டும் காட்டு, எப்பவும் காட்டு, குறிச்ச நேரத்துல காட்டுன்னு மூணு வகை இருக்கும். நான் ராத்திரி எட்டுல இருந்து காலை அஞ்சு வரைக்கும்னு வச்சேன். எழுத்து கலர் சிவப்பு, வெளிச்சத்தை கடைசி வரைக்கும் குறைச்சேன். இருட்டுக்கு பழகுன கண்ணை சிவப்பு அவ்வளவா கலைக்காது, நீல வெளிச்சம்தான் தூக்கத்துக்கு சுரக்குற மெலடோனினை குறைக்கிறது. பகல்ல, கரண்ட் ஒழுங்கா இருக்குற நேரத்துல, அடுக்களையில சார்ஜ் போட்டு எடுத்துடுவேன். இப்பம் அவரு முழிச்சா கையை நீட்ட வேண்டாம், தலையை திருப்புனா போதும், மணி தெரியும். கரண்ட் போனாலும் வந்தாலும் அது அசையுறது இல்லை, சின்னவளும் எழும்புறது இல்லை.

இதுலயும் ரெண்டு மூணு விஷயம் கவனிக்கணும். பேட்டரி சேவர் போட்டா ஆல்வேஸ் ஆன் பெரும்பாலும் அணைஞ்சுடும். சில போன்ல பெட்டைம் மோடு போட்டாலும் அதே கதை, ஸ்க்ரீன் இருட்டா இருக்கணும்னு அது கடிகாரத்தையே மறைச்சுடும், செட்டிங் எல்லாம் சரியா இருந்தும் மணி காணாம போகுதுன்னா இந்த ரெண்டையும் பாருங்க. போனை கவுத்து வச்சாலும் சென்சார் மூடி மணி தெரியாது. சிம் இல்லாத போன்ல மணி மெல்ல மெல்ல கொஞ்சம் பிசகும், இடைக்கு இடைக்கு வைஃபையோ இன்னொரு போனோட ஹாட்ஸ்பாட்டோ கொடுத்தா தானா சரி ஆயிடும்.

ரெண்டாவது போன் இல்லாதவங்க, இருக்குற போன்லயே டு நாட் டிஸ்டர்ப் போடுங்க, ஆனா போட்டா மட்டும் போதாது. அதுக்குள்ள மறைச்ச நோட்டிஃபிகேஷனை எப்படி காட்டணும்னு ஒரு இடம் இருக்கும், அங்க ஸ்க்ரீனை எரிய விடாதேன்னு தனியா வைக்கணும், இல்லேன்னா சத்தம் வராம வெளிச்சம் மட்டும் வந்துகிட்டு இருக்கும். அதுக்குள்ள அலாரத்தை தனியா அணைச்சு வைக்கலேன்னா அலாரம் எப்பவும் போல அடிக்கும், பயப்பட வேண்டாம். எனக்க அம்மை தனியா இருக்காங்க, சுகர் பிரஷர் எல்லாம் உண்டு, ராத்திரி கூப்பிட்டா எனக்கு கேக்கணும். அதனால அம்மை நம்பருக்கு ஸ்டார் போட்டு, ஸ்டார் போட்டவங்க கூப்பிட்டா மட்டும் அடிக்கட்டும்னு வச்சிருக்கேன். வேற யாராவது 15 நிமிஷத்துக்குள்ள ரெண்டாவது தடவை கூப்பிட்டாலும் அடிக்கிற மாதிரி ஒரு ஆப்ஷன் உண்டு, அவசரம்னா எடுக்கலாம். போனை தூர வைன்னு சொல்றவங்களுக்கு இதுதான் என் பதில், தூர வைக்க முடியாத வீடுகளும் இருக்கு. எடுத்தா எரியுறது, ரெண்டு தட்டு தட்டுனா எரியுறது ரெண்டையும் அணைச்சுடுங்க, தலையணை பட்டாலே எரியும். ஆண்ட்ராய்டு 12ல இருந்து எக்ஸ்ட்ரா டிம்னு ஒண்ணு இருக்கு, வெளிச்சம் கடைசிக்கு போன பிறகும் இன்னும் குறைக்கும். அதைப் போட்டு, லாக் ஸ்க்ரீன்ல கறுப்பு படம் வச்சா பட்டனை அமுக்கி மணி பாத்தாலும் கண்ணு கூசாது.

ஐபோனா இருந்தா 2023ல வந்த ஐஓஎஸ் 17ல ஸ்டாண்ட்பைன்னு கடிகாரம் காட்டுற வசதி இருக்கு, சார்ஜ் போட்டு சாய்ச்சு படுக்கை வாக்குல வைக்கணும், ரூம் இருட்டானா எழுத்து சிவப்பா மாறும். ராத்திரி முழுக்க நிக்கணும்னா 14 ப்ரோ மாதிரி ஆல்வேஸ் ஆன் உள்ள மாடல் வேணும், மத்ததுல கொஞ்ச நேரத்துல அணையும், தட்டித்தான் பாக்கணும். இதுவும் சார்ஜை நம்புறதுதான்.

கேட்டது இது இல்லேன்னாலும் ஒண்ணு சொல்லாம இருக்க முடியலை. ஸ்க்ரீன் வெளிச்சத்தை நம்ம கையால அணைச்சுடலாம், ஊர் சத்தத்தை என்ன செய்ய? ரெண்டரைக்கு எழும்புறவன் எட்டு மணிக்கு படுத்தாகணும். 2000ல வந்த ஒலி மாசு விதியில ராத்திரி பத்துல இருந்து காலை ஆறு வரைக்கும் ஸ்பீக்கர் வைக்கக் கூடாதுன்னு இருக்கு. அந்த பத்து மணிங்குறது, ஆறு மணிக்கு எழும்புறவங்களுக்கு போட்ட கணக்கு. எங்க வீட்டுல பத்து மணின்னா ரெண்டு மணி நேரம் தூங்கி முடிஞ்சிருக்க வேண்டிய நேரம், அது வரைக்கும் விழா நாள்ல கூம்பு ஸ்பீக்கர் அலறிகிட்டுதான் இருக்கும், எந்த மதத்து விழான்னு இல்லை, எல்லாம்தான். அதோட மத்தியானம் ரெண்டு மணிக்கு அவரு கொஞ்சம் கண்ணை மூடுனா, வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்க 'ஆம்பள பகல்ல படுத்து உறங்குறான்'னு பேசுவாங்க. நீங்க ரெண்டாவது உறக்கம் உறங்குற நேரத்துல அவரு எத்தனையோ மரத்தை வெட்டி முடிச்சிருப்பாரு. வெட்டுத் தொழிலாளி வீட்டுக்கு பகல்ல போறவங்க கதவை மெல்ல தட்டுங்க, இதை கேட்டுக்கிறது எனக்கு பெரிய காரியம்.

பழைய போனை கடிகாரமா வைக்கப் போறீங்கன்னா அதுக்கு முன்னாடி ஒரு தடவை மேசை மேல மல்லாக்க வச்சு பாருங்க. ஆடாம தட்டையா உக்காரணும். பின்பக்கம் உப்பி இருந்தாலோ ஸ்க்ரீன் ஓரத்துல தூக்கிகிட்டு நின்னாலோ பேட்டரி வீங்கிடுச்சுன்னு அர்த்தம், அதை தலைமாட்டுல வைக்காதீங்க, சார்ஜும் போடாதீங்க, பேட்டரி மாத்தின பிறகு மத்த செட்டிங்கை பாக்கலாம்.