அம்மாவுக்கு 88 கிலோ, வால்வ் மாத்த முதல் மெலிய வைக்கோணுமோ?

கல்வியங்காட்டில இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறா. அம்மாவுக்கு 58 வயசு, உயரம் அஞ்சடி ஒரு இஞ்சி, நிறை 88 கிலோ, சீனி வருத்தமும் இருக்காம். கிணத்தடிக்குப் போய் வரவே களைக்குது எண்டு எக்கோ (இதய ஸ்கான்) செய்து பாத்தா அயோர்ட்டிக் வால்வ் நல்லாச் சுருங்கிட்டுது, மாத்தோணும் எண்டு சொல்லியிருக்கினம். ரிப்போட்டில வால்வ் ஏரியா, அதாவது திறக்கிற பரப்பு 0.8, கிறேடியன்ற், அதாவது வால்வுக்கு ரெண்டு பக்கமும் உள்ள அழுத்த வித்தியாசம் 48. கனடா மாமா சொல்லுறாராம் இந்த உடம்போட வெட்டினா தாங்காது, முதல் 20 கிலோ குறையுங்கோ எண்டு. பக்கத்து வீட்டு அன்ரி சொல்லுறாவாம் உடம்பு உள்ள ஆக்கள்தான் ஒப்பரேசனைத் தாங்குவினம் எண்டு. இவ மாமான்ர சொல்லைக் கேட்டு, அம்மாவை ஒவ்வொரு நாளும் விடிய நல்லூர் வீதியை நாலு தரம் வேகமாச் சுத்த வைக்கிறாவாம்.

தங்கச்சி, முதல் அந்தச் சுத்துறதை நிப்பாட்டுங்கோ. நாளைக்கு இல்லை, இண்டைக்கே.

ஏனெண்டா அந்த வால்வ்தான் இதயத்தில இருந்து முழு உடம்புக்கும் ரத்தம் போற வாசல். நல்ல வால்வ் 3, 4 சதுர சென்ரிமீற்றர் அளவுக்குத் திறக்கும், 1 க்கு கீழ போனா, இல்லாட்டி கிறேடியன்ற் 40 க்கு மேல போனா கடுமையான சுருக்கம் எண்டு கணக்கு, அம்மாவுக்கு ரெண்டும் தாண்டிட்டுது. வேகமா நடக்கேக்க காலுக்குப் போற நாளங்கள் விரிஞ்சு கூட ரத்தம் கேக்கும், ஆனா வாசல் அதுக்கு மேல திறக்காது, பிறசர் டக்கெண்டு விழும், ஆள் மயங்கி விழலாம், சிலருக்கு அதோட முடிஞ்சும் போகும். வீட்டுக்குள்ள, முத்தத்தில மெதுவா நடக்கிறது காணும். மயக்கம், நெஞ்சு நோ, இரவில படுக்க ஏலாத மூச்சுமுட்டு எது வந்தாலும் கிளினிக் திகதி மட்டும் பாத்துக்கொண்டிருக்காம உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ.

இனி மாமா சரியோ அன்ரி சரியோ எண்டா, ரெண்டு பேரும் அரைவாசி சரி. கிலோவில நிறையை மீற்றரில உயரத்தால ரெண்டு தரம் பிரிச்சா வாற பிஎம்ஐ அம்மாவுக்கு கிட்டத்தட்ட 36.7 வருது. இதய ஒப்பரேசன் செய்த ஆக்களைக் கணக்கெடுத்துப் பாத்த ஆய்வுகள் கனக்க இருக்கு, அதுகளில திரும்பத் திரும்ப வாற விசயம், ஒப்பரேசனோட ஒட்டின நாட்களில கூடச் சாகிறது மொத்தமான ஆக்கள் இல்லை, எலும்பும் தோலுமா இருக்கிற ஆக்கள். கொஞ்சம் மொத்தமான ஆக்கள் சாதாரண நிறையுள்ள ஆக்களைப் போல, சில கணக்கில அதை விட நல்லாவும் தப்பியிருக்கினம். ஆனா பிஎம்ஐ 40 தாண்டினா சாகிற வீதம் திரும்ப மேல ஏறும். அன்ரி சொல்லுறது இதைத்தான், ஆனா அதுக்காகக் கொழுப்பு காப்பாத்துது எண்டு எடுக்கக் கூடாது. மெலிஞ்ச ஆக்களில கனபேர் ஏற்கனவே வருத்தத்தால உருகிப் போன ஆக்கள், மொத்தமான ஆக்கள் வயசில குறைஞ்ச ஆக்களாயும் இருப்பினம், அந்தக் கலப்பும் இதுக்குள்ள கிடக்கு.

மாமான்ர அரைவாசி எங்க சரி எண்டா, உயிர் தப்பினாலும் சிக்கல் கூட. நெஞ்செலும்பை நடுவால அறுத்து, பிறகு கம்பியால கட்டி விடுவினம். கொழுப்புக்கு ரத்த ஓட்டம் குறைவு, அதில சீனியும் சேர்ந்தா காயம் கிருமி பிடிக்கிற சாத்தியம் கூடும். பெரிய மார்பு இருக்கிற பொம்பிளையளுக்கு இன்னொண்டு, பாரம் ரெண்டு பக்கமும் காயத்தை இழுக்கும், அதால முன்பக்கம் கொழுவுற, கம்பியில்லாத நல்ல பிறேசியர் ரெண்டு மூண்டு முதலே வாங்கி வையுங்கோ. வெக்கத்தில இதை ஒருத்தரும் கேக்கிறேல்ல, டொக்டர்மாரும் சொல்ல மறந்திடுவினம். சிறுநீரகம் களைக்கிறது, இதயத் துடிப்பு தாறுமாறா ஓடுறது, ஐசியூவில கூட நாள் கிடக்கிறது இதுகளும் உடம்பு உள்ள ஆக்களில கூடத்தான்.

நான் மயக்க மருந்து குடுக்கிற ஆள், அதால எனக்குப் பயம் மூச்சுப் பக்கம். மல்லாக்கப் படுத்தினா வயிறு நெஞ்சறைப் பக்கம் மேல தள்ளும், நுரையீரலின்ர அடிப்பக்கம் மூடிக்கொள்ளும், குழாய் போடுற அந்த ரெண்டு நிமிசத்தில ஒக்சிசன் மெலிஞ்ச ஆளை விடக் கெதியா இறங்கும். எங்களுக்கு அது தெரியும், தலையை உயர்த்தி வைச்சு, முதலே நல்லா ஒக்சிசன் குடுத்துத்தான் தொடங்குவம். ஆனா அம்மா இரவில குறட்டை விடுறாவோ, இடையில மூச்சு நிண்டு திடுக்கிட்டு எழும்புறாவோ எண்டது பக்கத்தில படுக்கிற உங்களுக்குத்தான் தெரியும், அதைக் கட்டாயம் சொல்லுங்கோ.

மாமா கேக்கிற 20 கிலோ, கிழமைக்கு அரைக் கிலோ, ஒரு கிலோ எண்டு ஒழுங்காக் குறைச்சா கிட்டத்தட்ட அஞ்சு மாதத்தில இருந்து ஒன்பது மாதம். களைப்பு தொடங்கின பிறகு இந்த வால்வை மாத்தாம விட்டா அரைவாசிப் பேர் அளவில ரெண்டு, மூண்டு வருசத்துக்கு மேல தங்கிறேல்ல. அவ்வளவு காலத்தை மெலியிறதுக்குச் செலவழிக்கிறது நட்டக் கணக்கு, 36 எண்ட பிஎம்ஐக்கு அது தேவையுமில்லை. பட்டினி கிடந்தா முதல் போறது தசை, அந்தத் தசையாலதான் ஒப்பரேசனுக்குப் பிறகு இருமி, எழும்பி நடக்கோணும். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் உபவாசம் எண்டு அம்மா நிண்டா இந்த முறை விடாதேங்கோ, உடம்பில தண்ணி வத்தினாலும் இந்த வால்வுக்கு ஆகாது, முருகன் கோவிக்க மாட்டார்.

வெளிநாட்டில இருந்து சீனிக்கும் மெலியிறதுக்கும் போடுற ஓசெம்பிக் ஊசி அனுப்புறன் எண்டு ஆரும் வெளிக்கிட்டா டொக்டரைக் கேக்காமப் போட வேண்டாம். அது சாப்பாட்டை வயித்தில கன நேரம் தங்க வைக்கும், மயக்கம் குடுக்கேக்க அது மேல வந்து நுரையீரலுக்குள்ள போனா பெரிய ஆபத்து. ஏற்கனவே போடுறா எண்டா மறைக்காமச் சொல்லுங்கோ. எம்பாக்லிஃப்ளோசின் மாதிரிச் சீனிக் குளிசையளையும் ஒப்பரேசனுக்கு சில நாளுக்கு முதல் நிப்பாட்டுவினம், ஆனா திகதியை அவையள்தான் சொல்லோணும்.

காத்திருக்கிற கிழமையளில செய்யக் கூடியது வேற. மூண்டு மாதச் சீனிக் கணக்கைக் காட்டுற எச்பிஏ1சி 7 ஐ ஒட்டி வரட்டும். பிட்டைப் பாதியாக் குறைச்சு மீன், முட்டை, பயறைக் கூட்டுங்கோ. சொத்தைப் பல் இருந்தா பல் டொக்டரிட்டக் காட்டி முடியுங்கோ, வாய்க்கிருமி புது வால்வில ஒட்டினா அது தனி நரகம். மார்புக்குக் கீழ, தொடை மடிப்பில சொறி, புண் இருந்தா இப்பவே மருந்து பூசி மாத்துங்கோ. விடிய வெறுவயித்தில நிறை பாத்து கிளினிக் கொப்பியில எழுதுங்கோ, ரெண்டு மூண்டு நாளில ரெண்டு கிலோ ஏறினா அது கொழுப்பில்லை, தண்ணி, காலும் வீங்கியிருக்கும், உடனே காட்டுங்கோ. பாமசியில மூண்டு பந்து உள்ள மூச்சுப் பயிற்சிச் சாமான் விக்கினம், வாங்கி இப்பவே பழக்குங்கோ. கனபேர் அதை ஊதுகினம், ஊதுறதில்லை, மெதுவா உறிஞ்சிப் பந்தை மேல பிடிச்சு வைச்சிருக்கோணும்.

சேர்ஜனிட்டக் கேக்க ஒரு கேள்வி, "அம்மான்ர உடம்புக்குக் காணுமான அளவு வால்வ் போட ஏலுமோ?" உடம்பு பெருசு, வால்வ் இருக்கிற வளையம் சின்னன் எண்டா மாத்தியும் களைப்பு மிஞ்சலாம். கொழுப்புக்குத் தசை அளவு ரத்தம் தேவையில்லை எண்டதால மொத்தமான ஆக்களுக்கு, வால்வ் திறக்கிற அளவை உடம்பின்ர பரப்பால பிரிச்சுப் பாக்கிற இந்தக் கணக்கின்ர எல்லையை 0.85 இல இருந்து 0.70 க்கு இறக்கியிருக்கினம், அதால பயப்பிட வேண்டாம், வளையத்தைப் பெருசாக்கியும் போடுவினம். ஆக்கள் இரும்பு எண்டு சொல்லுற மெக்கானிக்கல் வால்வோ, மாட்டுத் திசுவால செய்த வால்வோ எண்டது 58 வயசில ரெண்டு பக்கமும் பேசக் கூடிய விசயம். இரும்பு எண்டா வாழ்நாள் முழுக்க ரத்தம் உறையாம இருக்க வார்பரின் குளிசை, அதுக்கு ஐஎன்ஆர் எண்ட ரத்தச் சோதனை பாத்துக்கொண்டே இருக்கோணும், முருங்கையிலை, வல்லாரை எல்லாம் ஒரே அளவாச் சாப்பிடோணும். மாட்டு வால்வுக்கு அந்தக் கரைச்சல் குறைவு, ஆனா அது தேயும், சீனியும் நிறையும் இருக்கிற உடம்பில இன்னும் கெதியாத் தேயலாம்.

மெலியிறது ஒப்பரேசனுக்குப் பிறகு, வாசல் திறந்த இதயத்தோட. அப்ப நல்லூர் வீதியைச் சுத்தட்டும், ஆனா எலும்பு பொருந்த ஆறில இருந்து பன்னிரண்டு கிழமை எடுக்கும், அதுவரைக்கும் கிணத்தில தண்ணி அள்ளுறது, தேங்காய் துருவுறது, பேரப்பிள்ளையைத் தூக்கிறது ஒண்டும் இல்லை, இருமேக்க ஒரு தலாணியை நெஞ்சோட இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கோ.