விண்கல் பள்ளத்துக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?

பட்டர்வொர்த்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போன அம்மாவுக்கு,

மகள் விண்கல் விழுந்த பள்ளங்களை ஆராயப் படிக்க விரும்புகிறாள் என்று சொல்லி நீங்கள் கேட்ட கேள்விதான் தலைப்பில் இருக்கிறது. நேராகவே சொல்கிறேன்: பள்ளத்துக்கென்றே சம்பளம் தரும் வேலைகள் உலகத்திலேயே கொஞ்சம்தான். ஆனால் உங்கள் மகள் பட்டப்படிப்பில் எடுக்கப்போவது புவி இயற்பியல், அதாவது நிலத்தடியில் இருப்பதைக் கருவிகளால் அளந்தறியும் படிப்பு. அதற்குச் சம்பளம் உண்டு.

மெக்சிகோவின் சிக்சுலுப் பள்ளத்தையே பாருங்கள். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்து உண்டானது, சுமார் 180 கிலோமீட்டர் அகலம். டைனோசர்களை முடித்துவைத்தது அந்த மோதல்தான் என்கிறார்கள். 1978-இல் அதன் தடயத்தைக் கவனித்த கிளென் பென்ஃபீல்டு, மெக்சிகோ அரசின் பெமெக்ஸ் எண்ணெய் நிறுவனத்துக்காக எண்ணெய் தேடிக்கொண்டிருந்தவர். காந்தப்புல அளவீடுகளைப் பார்த்தபோது கடலடியில் வில் போன்ற ஒரு வடிவம் தெரிந்தது. சம்பளம் எண்ணெய்க்கு, பள்ளம் கொசுறு!

மோதலில் நொறுங்கிய பாறைக்கு அடர்த்தி குறைவு. அதனால் அதன்மேல் ஈர்ப்பு விசையும் இம்மியளவு குறையும். அந்த இம்மியை அளப்பதுதான் இந்தத் தொழில். ஆனால் அதை மட்டும் வைத்து விண்கல் விழுந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. மோதலின் அதிர்வில் கோடு விழுந்த குவார்ட்ஸ் என்ற படிகக்கல்லின் மணிகளையும் நுண்ணோக்கியில் காட்ட வேண்டும். எனவே பாறையியல் பாடத்தை மகள் ஒதுக்கக்கூடாது.

இதே துறையின் கருவிகள்தாம் கோலாலம்பூரின் சுண்ணாம்புப் பாறைக்குள் குழி இருக்கிறதா, மலைச்சரிவு தாங்குமா என்றும் பார்க்கின்றன. வேலை அங்கே இருக்கிறது.

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு எஸ்.டி.பி.எம். ஆனாலும் மெட்ரிகுலேஷன் ஆனாலும் இயற்பியலும் கணிதமும் கட்டாயம். பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமான யு.எஸ்.எம்.மில் இயற்பியல் துறையிலேயே புவி இயற்பியல் படிக்கலாம்; வீட்டுக்கும் பக்கம். பைத்தான் என்ற கணினி நிரல்மொழியும் பழகட்டும். பள்ள ஆராய்ச்சிதான் வேண்டும் என்றால் முனைவர் பட்டம் வரை போக வேண்டும், அதற்குப் பொறுமை வேண்டும். பெண்பிள்ளை காட்டில் அலைவதா என்றீர்கள். அலையத்தான் வேண்டும், அட்டையும் கடிக்கும். ஆனால் தனியாக அனுப்ப மாட்டார்கள், குழுவாகத்தான் போவார்கள்.

பள்ளி விடுமுறையில் பேராக்கின் லெங்கோங்குக்கு ஒருமுறை கூட்டிப்போங்கள். அங்குள்ள புக்கிட் புனோவில் யு.எஸ்.எம். ஆய்வாளர்கள் இப்படித்தான் விண்கல் பள்ளத்தைத் தேடி அளந்தார்கள். அப்புறம் தேர்வு முடிவோடு வாருங்கள். இந்த முறை மகள் பேசட்டும்.