கண்மாய் விராலுக்கு அமெரிக்க பாஸ் லூர் சரிப்படுமா?

கேள்வி இதுதான்: "வேலை மாறி காரைக்குடி வந்திருக்கிறேன். யூடியூபில் அமெரிக்காக்காரர்கள் பாஸ் மீனுக்குப் போடும் லூர் (செயற்கை இரை), ராட் (தூண்டில் கம்பு) எல்லாம் வாங்கி இங்கே கண்மாயில் விராலுக்குப் போட்டால் அடிக்குமா? பட்ஜெட் 5,000 ரூபாய். எந்த நிற ரப்பர் தவளை வாங்குவது?"

படித்ததும் என் வலது கட்டைவிரலைத்தான் பார்த்தேன். தழும்பு இன்னும் இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

உங்கள் நிலைமை எனக்குத் தெரியும். நாலைந்து லூரை ஏற்கெனவே ஆன்லைன் கூடையில் போட்டு வைத்திருப்பீர்கள், வீட்டில் சொல்லியிருக்க மாட்டீர்கள், ராத்திரி பதினொரு மணிக்கு டெக்ஸஸ்காரன் ஒருவன் தாமரை இலைக்கு நடுவே தவளையை இழுக்கும் வீடியோவைப் பார்த்துவிட்டு, இது நம்ம ஊர் கண்மாய் மாதிரியே இருக்கிறதே என்று நினைத்திருப்பீர்கள். நானும் அப்படி நினைத்தவன்தான். நான் நிபுணன் இல்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடை வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மீன் பிடிக்கப் போகிறவன். "பாஸ் வேறு, விரால் வேறு, இரண்டையும் ஏன் குழப்புகிறீர்கள்" என்று கீழே எழுத வருகிறவர்கள் முழுவதும் படித்துவிட்டு எழுதுங்கள். அந்த வித்தியாசத்தை ரத்தம் சிந்திக் கற்றவன் நான்.

என் மச்சான் டல்லாஸில் இருக்கிறான். அங்கே பாஸ் என்றால் ஒரு மதம். போனை எடுத்தால், 1932-ல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ் உலக சாதனை மீன், அந்தச் சாதனையை 2009-ல் ஜப்பான் பிவா ஏரியில் மனாபு குரிட்டா சமன் செய்தது என்று பிரசங்கம் செய்வான். நம் கணக்கில் அது 10 கிலோ. அவன் ஊருக்கு வந்தபோது எனக்கு ஒரு பெட்டி நிறையச் சாமான் கொண்டு வந்தான். டெக்ஸஸ் ரிக் கட்டுவதற்கான ரப்பர் புழு, துப்பாக்கிக் குண்டு வடிவத்தில் ஈயம், வளைந்த கழுத்து வைத்த முள், முன்னால் நாக்கு நீட்டிய, மீன் வடிவ கிராங்க்பெய்ட் லூர், 10 பவுண்டு இழுப்பைத் தாங்கும் ஃப்ளோரோகார்பன் தூண்டில் நரம்பு. "மாப்பிள்ளை, இந்த நரம்பு தண்ணிக்குள்ள மீன் கண்ணுக்கே தெரியாது" என்றான்.

மீன் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது என்பது நிஜம்தான். ஆனால் நம் கண்மாயில் தண்ணீர் செம்மண் காப்பி மாதிரி இருக்கிறது, அதில் மீன் கண்ணுக்கு என் கையே தெரியாது. இந்தச் சின்ன விஷயம் எனக்குப் புரிய இரண்டு மாதம் ஆயிற்று.

கிராங்க்பெய்ட் முதல் ஞாயிறே போயிற்று. அந்த நாக்கு எதற்கென்றால், இழுக்கும்போது தண்ணீர் அதில் முட்டி லூரைக் கீழே தள்ளும். பத்தடி ஆழ ஏரிக்குச் சரி. நான் நின்ற இடத்தில் ஆழம் இடுப்பளவு. இரண்டு சுற்று சுற்றியதும் சேற்றை உழுதுகொண்டே போய் சீமைக்கருவேல வேரில் மாட்டிக்கொண்டது. அதில் மும்முள் இரண்டு தொங்குகிறது, வேலம்பாசியும் கோரையும் உள்ள இடத்தில் மும்முள்ளை இறக்குவது வைக்கோல் போரில் சீப்பைச் செருகுகிற மாதிரி.

டெக்ஸஸ் ரிக் நல்ல கண்டுபிடிப்பு, குறை சொல்ல மாட்டேன். நரம்பில் முதலில் குண்டு ஈயத்தைக் கோத்து, அப்புறம் முள்ளைக் கட்டி, புழுவின் மூக்கில் கால் அங்குலம் குத்தி வெளியே எடுத்து, முள்ளைத் திருப்பி, நுனியை மறுபடி புழுவின் உடம்பிலேயே புதைத்துவிட வேண்டும். நுனி வெளியே தெரியாததால் செடியில் மாட்டாது, மீன் கடிக்கும்போது ரப்பரைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். ஈயம் மேலும் கீழும் ஓடாமலிருக்க அங்கே பல்குத்தும் குச்சியைச் செருகி ஒடிப்பார்கள், நான் விளக்குமாற்று ஈர்க்குச்சியைச் செருகினேன், கன கச்சிதம். என்ன பிரயோஜனம்? ஈயத்தோடு போட்டால் புழு வண்டலுக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது. ஈயத்தைக் கழற்றிவிட்டு வெறும் புழுவைப் பாசிமேல் நெளியவிட்டபோதுதான் குரவை மீன் ஒன்றிரண்டு வந்து வாலைக் கடித்தன. அந்தப் புழுக்களும் நிலைக்கவில்லை. சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் பெட்டிக்குள், சாதாரண பிளாஸ்டிக் டப்பாவில், எல்லா நிறத்தையும் ஒன்றாகப் போட்டு வைத்திருந்தேன். திறந்து பார்த்தால் வெள்ளைப் புழுவெல்லாம் சிவப்பேறி, டப்பாவின் அடியோடு இளகி ஒட்டி, ஜவ்வு மிட்டாய்போல் இழுக்கிறது. அந்த ரப்பர் சில வகை பிளாஸ்டிக்கை இளக்கிவிடுமாம். வந்த கவரிலேயே தனித்தனியாக வையுங்கள்.

இப்போது அந்த ஞாயிறு. விரால் காற்றைக் குடிக்க மேலே வரும் மீன், அது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அல்லி இலைகளுக்கு நடுவே 'க்ளுக்' என்று ஒரு சத்தம், ஒரு வளையம். மச்சான் பெட்டியில் கடைசியாக இருந்த ரப்பர் தவளையை அந்த 10 பவுண்டு ஃப்ளோரோகார்பனிலேயே கட்டி, வளையத்துக்கு ஐந்தடி தள்ளி வீசி, மேலே கொண்டு வந்தேன். தண்ணீர் வெடித்தது. ராடு வளைந்தது, ரீல் கிர்ர் என்றது, மூன்று விநாடி, அவ்வளவுதான். நரம்பு லேசாக வந்துவிட்டது. கரையில் உட்கார்ந்து நுனியைப் பார்த்தேன். வெட்டின மாதிரி இல்லை, பன்றிக்குட்டி வால்போலச் சுருண்டிருந்தது.

இந்தச் சுருளை நினைவில் வையுங்கள். நுனி வெட்டுப்பட்டோ பிசிறாகவோ இருந்தால் நரம்பு அறுந்தது. சுருண்டிருந்தால் நரம்பு நன்றாக இருக்கிறது, முடிச்சு நழுவியது. அதாவது தப்பு உங்கள் மேல். நான் ஃப்ளோரோகார்பனை நனைக்காமல் காய்ந்தபடியே இழுத்து இறுக்கியிருந்தேன். காய்ந்து இறுக்கினால் உரசிச் சூடாகி நரம்பு கெடும், முடிச்சும் முழுதாக இறுகாது. எச்சில் தொட்டு இறுக்க வேண்டும் என்று ஐந்து வயதுப் பையனுக்குத் தெரியும். தெரிந்த பையன் ஒருவன் எதிர்க்கரையிலேயே நின்றிருந்தான், மூங்கில் கம்பு, தங்கூஸ் நரம்பு, முள்ளில் உயிர்த்தவளை. அவன் பையில் இரண்டு விரால். "அண்ணே, அது தவளைதானா?" என்று மட்டும் கேட்டான்.

அப்புறம்தான் நரம்பை மாற்றினேன். இப்போது 40 பவுண்டு பிரெய்டு, அதாவது பின்னல் நரம்பு. பருமன் பார்த்தால் 10 பவுண்டு சாதா நரம்பு அளவுக்குத்தான் வரும், மிதக்கும், நீளாது, அல்லித் தண்டை அறுத்துக்கொண்டு வரும். ஃப்ளோரோகார்பன் முங்கும், அதனால் மேல்மட்டத்தில் இழுக்கிற தவளைக்கு அது ஆகவே ஆகாது. பிரெய்டை வெறும் ரீல் உருளையில் சுற்றினால் மொத்தச் சுற்றும் வழுக்கித் தானாகச் சுழலும், அதனால் அடியில் பத்து முழம் தங்கூஸ் சுற்றிவிட்டு அதன்மேல் கட்டுங்கள். முடிச்சுக்குப் பாலோமர் போதும். நரம்பை இரட்டையாக மடித்து முள்ளின் காதுக்குள் விட்டு, தளர்வாக ஒரு சாதா முடிச்சுப் போட்டு, அந்த வளையத்துக்குள் தவளையையே நுழைத்து வெளியே எடுத்து, எச்சில் தொட்டு இறுக்குங்கள். தவளை பெரிது என்பதால் வளையத்தைப் பெரிதாக விட வேண்டும், அது ஒன்றுதான் சிரமம்.

தவளையை வாங்கும்போது விலையையும் கண்ணின் அழகையும் பார்க்காதீர்கள், வயிற்றை அமுக்குங்கள். முதுகோடு ஒட்டி இரட்டை முள் மேல்பார்த்து இருக்கும், கட்டைவிரலால் அமுக்கினால் உடம்பு அமுங்கி இரண்டு நுனியும் வெளியே நிற்க வேண்டும். அமுங்காத கட்டை ரப்பர் என்றால் மீன் கடிக்கும், விட்டுவிடும், நீங்கள் நாள் பூராவும் "மிஸ் ஆயிருச்சு" என்று சொல்லிக்கொண்டிருப்பீர்கள். வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டால் கொஞ்சம் இளகும். நுனி உடம்போடு ரொம்ப ஒட்டியிருந்தால் குறடால் ஒரு நூல் அளவு மேலே வளைத்துவிடுங்கள், அதற்கு மேல் வேண்டாம், செடியைப் பிடிக்கும். பின்னால் தொங்கும் ரப்பர் கால் நீளமாக இருந்தால் அதை மட்டும் கடித்துவிட்டுப் போகும், பாதியாக வெட்டுங்கள். ஒரு பக்கம் அரை அங்குலம் கூடுதலாக வெட்டினால் அது இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று நடக்கும். நான்கைந்து வீச்சுக்கு ஒருமுறை வயிற்றைப் பிதுக்கித் தண்ணீரை வெளியேற்றுங்கள், இல்லாவிட்டால் தவளை முங்கிப்போகும்.

இதையெல்லாம் விட முக்கியம், தண்ணீர் வெடித்ததும் இழுக்காதீர்கள். முடியாது, தெரியும். என்னாலும் முடியவில்லை. 'ஒண்ணு, ரெண்டு' என்று எண்ணி, கையில் கனம் தெரிந்த பிறகு ராடை ஓங்கி இழுங்கள். விரால் வாய் எலும்பு, மெலிந்த முள்ளை நிமிர்த்திவிடும்.

இனி கட்டைவிரல். முதல் உருப்படியான விரால், முக்கால் கிலோ இருக்கும், கரைக்கு வந்ததும் எனக்கு டெக்ஸஸ்காரன் ஞாபகம் வந்துவிட்டான். அவன் பாஸ் மீனின் வாய்க்குள் கட்டைவிரலை விட்டுக் கீழ்த்தாடையைப் பிடித்துத் தூக்கிப் படம் எடுப்பான். பாஸ் வாயில் இருப்பது உப்புத்தாள் மாதிரி சொரசொரப்புதான். விரால் வாயில் இருப்பது பல். விரலைக் கவ்விக்கொண்டு ஒரு உலுக்கு உலுக்கியது பாருங்கள். போட்டோ எடுக்க வந்த கடைப்பையன் சிரித்த சிரிப்பில் அந்தப் படமும் கலங்கிப்போயிற்று. ஒரு குறடும் பழைய துண்டும் பையில் இருக்கட்டும், 5,000-த்தில் அதுவும் சேர்த்தி.

இன்னொன்று, கேட்காமல் எங்கேயும் போகாதீர்கள். எங்கள் பக்கம் கண்மாய்களில் மீன்பாசியை, அதாவது மீன் பிடிக்கும் உரிமையை, ஏலம் விடுவார்கள், எடுத்தவர் காவலுக்கு ஆள் போட்டிருப்பார். என்னை ஒரு பெரியவர் பிடித்துக்கொண்டார். "என்னப்பு, யாருகிட்டக் கேட்டு வந்தீக?" நான் லூர், விளையாட்டு, பிடித்துவிட்டு விட்டுவிடுவேன் என்று விளக்கினேன். "விடுறதுக்கு எதுக்குப் பிடிக்கிறீக?" பதில் இல்லை. இன்று வரை இல்லை. குத்தகைக்காரரைப் பார்த்துப் பேசினேன், ஞாயிறு காலை மட்டும் என்று விட்டார். ஊருணிப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள், அது குடிக்கிற தண்ணீர்.

செங்கல் நிறத்தில் குஞ்சுகள் உருண்டையாக மேலே மொய்த்துக்கொண்டிருந்தால் அங்கேயும் வீசாதீர்கள். தாயும் தகப்பனும் அடியில் காவல் நிற்கும், கோபத்தில் எதைப் போட்டாலும் அடிக்கும். ரீல்ஸ் போடுகிறவர்கள் அதைத்தான் தேடிப் போகிறார்கள். நானும் ஒருமுறை வீசியிருக்கிறேன், மறைக்கவில்லை. பிடித்த மீனைத் திருப்பி விடுவதற்குள் குஞ்சுகளைக் கெண்டையும் கெளுத்தியும் கலைத்துவிட்டன.

ராட் பற்றிக் கேட்டீர்கள். 7 அடி, மீடியம் ஹெவி (கொஞ்சம் விறைப்பானது), ஆனால் இரண்டு துண்டாகக் கழற்றுவது வாங்குங்கள். மச்சான் கொடுத்தது ஒரே துண்டு. வாடகை வீட்டில் வைக்க இடமில்லை, ஊரில் எங்கள் பெரிய வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் சாத்தி வைத்தேன். அந்த வீட்டுக்குப் பதினான்கு பங்கு. சாவி ஒரு பங்காளியிடம். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு சினிமாக் கம்பெனிக்குப் பத்து நாள் விட்டிருக்கிறார். போய்ப் பார்த்தால் பர்மாத் தேக்குத் தூணில் ஆணி, ஆத்தங்குடிக் கல்லில் டிராலி இழுத்த கோடு, என் ராடு நுனி ஒன்றரை அடி ஒடிந்து கிடக்கிறது. அதில் துணி காயப் போட்டிருக்கிறார்கள்! வாடகையைப் பங்கு பிரிப்பது பற்றிப் பேச்செடுத்தால், "செட்டியார் வீட்டுப் பிள்ளைக்குத் தூண்டில் எதுக்கு?" என்கிறார். நான் கேட்டது தூணைப் பற்றி. வெள்ளையடிக்க மட்டும் வருஷா வருஷம் பதினான்கு பங்கும் நினைவுக்கு வருகிறது, வரும்படி வந்தால் ஒரு பங்குதான். சரி, இது உங்களுக்குத் தேவையில்லாதது. ராடைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வையுங்கள், அவ்வளவுதான்.

பட்ஜெட்டில் பெரும்பகுதி ராட், ரீலுக்குப் போகட்டும், 3000 என்று அளவு எண் போட்ட ரீல் போதும், அது விலை இல்லை. அடுத்தது நல்ல பிரெய்டு. தவளை 14 கிராமில் இரண்டே இரண்டு, நம் ஊர் ஆட்கள் கையால் செய்து விற்பதே நன்றாக இருக்கிறது. வீடியோவில் அரை அவுன்ஸ் என்பதும் அதே 14 கிராம்தான், ராடில் எழுதியிருக்கும் எடைக்குள் அது வருகிறதா பாருங்கள்.

நிறம் கேட்டீர்கள். விரால் கீழேயிருந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு அடிக்கிறது, அதற்குத் தெரிவது நிழல். நான் வைத்திருப்பது கறுப்பு, ஒரு கால் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் நிறைந்து கலங்கலாகக் கிடக்கும்போது போய் ஏமாறாதீர்கள். தை பிறந்து தண்ணீர் தெளிந்து கரை இறங்கட்டும். காலை ஆறு மணிக்குப் போய் ஒரு கால் மணி நேரம் எதையும் வீசாமல் நின்று, அந்த 'க்ளுக்' எங்கே கேட்கிறது என்று மட்டும் பாருங்கள்.