குழந்தைகள் இல்லத்துக் கணக்கு: வாசகர் கேள்விகள்

கேள்வி: பிறந்தநாள் சாப்பாட்டுக்குப் பணம் தர நிறையப் பேர் வருகிறார்கள். வார்டன் சம்பளத்துக்கும் கரண்ட் பில்லுக்கும் யாரும் தருவதில்லை. சாப்பாட்டுப் பணத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. எதைச் சொல்லி வாங்கினீர்களோ, அதற்குத்தான் செலவழிக்க வேண்டும். அதனால் சொல்வதை மாற்றுங்கள். போன ஆண்டின் மொத்தச் செலவை, சம்பளம், வாடகை, மருந்து எல்லாம் சேர்த்து, 365ஆல் வகுங்கள். வரும் தொகையை 'ஒரு நாள் பராமரிப்பு' என்று பலகையிலும் ரசீதிலும் போடுங்கள். சாப்பாட்டுக் கணக்கைவிடத் தொகை கூடத்தான் செய்யும். சிலர் தயங்குவார்கள், அவர்களுக்குப் பாதி நாள் என்று ஒன்று வைத்துக்கொள்ளலாம். ஒரு நாள் என்பது எந்த நாளாகவும் இருக்கலாம் என்பதால், ஞாயிற்றுக்கிழமைக்கே எல்லாரும் முண்டியடிக்கும் தொல்லையும் கொஞ்சம் குறையும்.

கேள்வி: மிச்சப் பணத்தையெல்லாம் மார்ச்சுக்குள் செலவழிக்காவிட்டால் வரி வரும் என்கிறார்களே?

பதில்: பாதி உண்மை. வருமான வரித் துறையில் பதிவுபெற்ற அறக்கட்டளை ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்காகச் செலவழிக்க வேண்டும். மீதி 15 சதவீதத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேலும் சேமிக்க வேண்டுமா? என்ன காரியத்துக்கு என்று குறித்து, உரிய படிவத்தைக் கெடுவுக்குள் தாக்கல் செய்தால் 5 ஆண்டு வரை வைத்திருக்கலாம். இதைத் தெரிந்துகொள்ளாமல் மார்ச்சில் பீரோவும் கட்டிலுமாக வாங்கிப் போட்டுவிட்டு, ஜூனில் பள்ளிக் கட்டணத்துக்குக் கடன் தேடுகிறார்கள். மூன்று மாதச் செலவுக்காவது கையிருப்பு இல்லாத இல்லம் எப்போதும் ஆபத்தில்தான் இருக்கிறது.

கேள்வி: எங்களிடம் வளர்ந்த பையன் இப்போது சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். மாதாமாதம் அனுப்புகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: அவர் கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று முதலில் கேளுங்கள். இந்தியக் குடிமகனாகவே இருந்து, சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலைக் கோப்பில் வையுங்கள். அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால் கதையே வேறு. எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் அனுமதி இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வர வேண்டும். அதில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சின்ன இல்லத்துக்கு இவ்வளவு வேலை கட்டுப்படியாகுமா என்று யோசித்துவிட்டு இறங்குங்கள்.

கேள்வி: ரொக்கமாக 5,000 ரூபாய் தந்தவர் வருமான வரிச் சலுகைக்கான 80ஜி ரசீது கேட்கிறார்.

பதில்: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் அவருக்கு வரிச் சலுகை கிடையாது. அடுத்த முறை யுபிஐயிலோ காசோலையிலோ தரச் சொல்லுங்கள். புதிய வரி முறையில் இருப்பவர் என்றால் எப்படித் தந்தாலும் இந்தச் சலுகை இல்லை.