மீன் பெட்டியில் சலாது (லெட்டூஸ்): மண்ணில்லாப் பயிர் பற்றிய கேள்வி பதில் (கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர், எல்லாம் திருகோணமலைப் பக்கம்)

உப்புவெளி: மண்ணில்லாமல் பசளைத் தண்ணீரில் பயிர் வளர்க்க, மோட்டார், பைப் எதுவும் வாங்காமல் தொடங்க ஏலுமா அண்ணா?

ஏலும். மீன் வருகிற ரெஜிபோம் பெட்டி ஒன்றை மூடியோடு எடுங்கள். உள்ளளவு 60 × 40 சென்ரிமீற்றர் என்றால், 20 சென்ரிமீற்றர் உயரத்துக்கு 48 லீற்றர் பிடிக்கும். ஆறு சலாதுக்கு அது தாராளம். சவர்க்காரம் போட்டுக் கழுவி, வாடை போகக் காயவிட்டு, உள்ளே கறுப்புப் பொலித்தீன் விரியுங்கள். மூடியில் 20 சென்ரிமீற்றர் இடைவெளியில் ஆறு துளை. யோகட் கப் விளிம்பில் தொங்கி நிற்க வேண்டும், உள்ளே விழக் கூடாது. கப்பின் அடியிலும் பக்கத்திலும் சூடாக்கிய கம்பியால் பத்துப் பதினைந்து ஓட்டை போட்டு, அடியில் ஒரு துண்டு நுளம்பு வலை வைத்து, தும்புத்தூள் நிரப்புங்கள். தும்புத்தூளை மூன்று நான்கு தண்ணீரில் அலசிப் பிழியாமல் பாவிக்காதீர்கள். உவர்த் தண்ணீரில் ஊறிய மட்டையென்றால் உப்பு அதிலேயே இருக்கும்.

நாற்றில் இரண்டு மூன்று உண்மையிலை (வித்திலைக்குப் பிறகு வரும் இலை) வந்ததும் கப்பில் வையுங்கள். பசளை கரைத்த தண்ணீர், அதாவது கரைசல், கப்பின் அடியை ஒரு சென்ரிமீற்றர் அளவுக்குத் தொட்டால் போதும். பெட்டியை இடத்தில் வைத்த பிறகு நிரப்புங்கள். நிரம்பினால் 50 கிலோ, அசைக்க ஏலாது.

அன்புவழிபுரம்: தண்ணீர் பாதியாகக் குறைந்ததால் திரும்ப மேல்வரை நிரப்பினேன். மூன்றாம் நாள் எல்லாம் வாடிவிட்டது. ஏன்?

நிரப்பியதுதான் காரணம். தண்ணீர் இறங்க இறங்க மேலே வெளிப்படும் வேர் காற்றிலிருந்து ஒட்சிசன் எடுக்கப் பழகிவிடும். மூடியைத் தூக்கிப் பார்த்தால் அந்த வேரில் வெள்ளைப் பஞ்சு மாதிரி மயிர் தெரியும். அதை முழுக்க அமிழ்த்தினால் மூச்சு அடைபட்டுப் போகும். சேர்க்கத்தான் வேண்டுமென்றால் அடியில் மூன்று நான்கு சென்ரிமீற்றர் தண்ணீர் எப்போதும் நிற்கும் அளவுக்கு மட்டும், அதுவும் பாதிச் செறிவுக் கரைசலாக.

நிலாவெளி: எங்கள் கிணறு கொஞ்சம் உவர். அதைப் பாவிக்கலாமா?

பெட்டி வாங்க முன் கேட்க வேண்டிய கேள்வி இது. ஒரு ஈ.சி. மீற்றர் (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவை mS/cm அலகில் காட்டும் கருவி) வாங்குங்கள், இந்த வேலையில் வீண் போகாத செலவு அதுதான். பசளை போடாத வெறும் தண்ணீர் 0.5க்குக் கீழே காட்டினால் நல்லது. 1.0ஐத் தாண்டினால் விடுங்கள். சலாதுக்குக் கரைசல் 1.2 முதல் 1.8 வரைதான் இருக்கலாம். கிணற்று உப்பே பெரும்பங்கை எடுத்துக்கொண்டால் பசளைக்கு இடமில்லை. மீற்றர் சரியென்று காட்டும், கன்று பட்டினி கிடக்கும். மாரியில் கூரைத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். முதல் மழை கூரையைக் கழுவட்டும், அடுத்ததைச் சேருங்கள். குழாய்த் தண்ணீரென்றால் ஓரிரவு திறந்து வைத்து மறுநாள் எடுங்கள்.

மூதூர்: யூரியாவைக் கரைத்துவிட்டால் போதாதா? மலிவாக இருக்குமே.

போதாது. மண்ணில் யூரியாவை மாற்றிக் கொடுக்க நுண்ணுயிர்கள் இருக்கின்றன. வெறும் தண்ணீரில் அது சரியாக நடக்காது, நடந்தாலும் அமோனியா வேரைச் சுடும். மண்ணில்லாப் பயிருக்கென்று சத்தெல்லாம் சேர்த்து விற்கும் அல்பேர்ட் கலவைதான் வாங்குங்கள். பைக்கற்றில் சொன்ன அளவில் பாதியோடு தொடங்கி, இரண்டு கிழமைக்குப் பிறகு ஈ.சி. பார்த்துக் கூட்டுங்கள். கல்சியம் நைத்திரேற்றையும் மக்னீசியம் சல்பேற்றையும் தனித்தனியே வாங்குபவர்கள் கெட்டிக் கரைசலாக ஒன்றாகக் கலக்க வேண்டாம். வெள்ளை மாவாக அடியில் படிவது ஜிப்சம். கன்றுக்குக் கிடைக்க வேண்டிய கல்சியம் அதில் போய்விடும்.

உவர்மலை: இளம் இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை.

இரும்புப் பற்றாக்குறை. ஆனால் இரும்பை வாங்கி ஊற்றாதீர்கள், முதலில் பி.எச். (கரைசலின் அமில, கார அளவு) பாருங்கள். 7ஐத் தாண்டியிருக்கும், அந்த நிலையில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிடைக்காது. கேத்தலின் அடியில் வெள்ளைப் படை பிடிக்கிற தண்ணீரென்றால் சந்தேகமே இல்லை. 5.5–6.5க்கு இறக்க வேண்டும். தேசிக்காய்ப் புளி இரண்டு நாளைக்குத்தான் நிற்கும், பிறகு நுண்ணுயிர் தின்று பி.எச். பழையபடி ஏறும். பொஸ்போரிக் அமிலம் நின்று பிடிக்கும். கையுறை போட்டு, அமிலத்தைத் தண்ணீரில் விட்டு ஐதாக்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துச் சேர்த்து அளந்து பாருங்கள். மஞ்சள் பழைய இலையில் தொடங்கினால் அது வேறு கதை, மக்னீசியம்.

கிண்ணியா: கச்சான் காற்றுக் காலத்தில் வேர் மண்ணிறமாகி வழவழவென்று நாறுகிறது.

வேரழுகல். 20 பாகைத் தண்ணீர் லீற்றருக்கு 9 மில்லிகிராம் அளவு ஒட்சிசன் தாங்கும். 30 பாகையில் 7.5 தான். வெப்பத்தில் வேருக்குத் தேவையும் கூடும், அழுகல் பூஞ்சணமும் கூடும். அந்தப் பெட்டியை ஊற்றிக் கழுவிப் புதிதாகத் தொடங்குங்கள், காப்பாற்ற முயல வேண்டாம். பெட்டி சீமெந்துப் பிளாட்டில் வெயிலில் இருக்கக் கூடாது. 50 வீத நிழல்வலை, வெளிப்புறம் வெள்ளைப் பெயின்ற். மத்தியானம் உறைந்த 1.5 லீற்றர் போத்தலொன்றை உள்ளே விட்டால் 48 லீற்றரில் ஏறத்தாழ 3 பாகை இறங்கும். ஆனாலும் வைகாசியிலிருந்து ஆவணிவரை சலாது வேண்டாம். தண்டு நீண்டு கசக்கும். கங்குன் கீரை போடுங்கள். அது இந்தச் சூட்டில் மூன்று நான்கு கிழமையில் வெட்டலாம், திரும்பவும் துளிர்க்கும்.

பாலையூற்று: நுளம்பு வந்தால் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வழக்குப் போடுவாரா?

போடலாம். 2007இன் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டம் வீட்டுத் தண்ணீர்ப் பெட்டிக்கும் பொருந்தும். கப்புக்கும் துளைக்கும் இடையிலான இடைவெளிதான் வாசல். அங்கே தும்பு நார் அல்லது பஞ்சு அடைத்து, மூடியின் விளிம்பைச் செலோரேப்பால் ஒட்டுங்கள். காலியான கப்புக்கு மூடி போடாமல் விடாதீர்கள். வெளிச்சம் புகும் அதே இடைவெளியால்தான் பாசியும் பிடிக்கிறது.

தம்பலகாமம்: இதிலேயே தக்காளி போடலாமா?

இந்தப் பெட்டியில் வேண்டாம். காய்க்கிற ஒரு தக்காளி ஒரு நாளில் லீற்றர் கணக்கில் குடிக்கும். பெரிய வாளியும் காற்றுப் பம்பும் வேண்டும்.