ஹேஸ்அட்டர் விழுங்கிய பிழைகள்

கேள்வி: பைதான் நிரல்மொழியின் 2.7 பதிப்பில் பல ஆண்டுகள் சிக்கலின்றி ஓடிய எங்கள் நிரலை பைதான் 3-க்கு மாற்றியதும், ஹேஸ்அட்டர் (hasattr) உள்ள வரியில் வேல்யூஎரர் (பொருந்தாத மதிப்பு வந்ததைச் சொல்லும் பிழை) எழுந்து ஓட்டம் நின்றுவிடுகிறது. ஓர் ஆப்ஜெக்ட்டில் குறிப்பிட்ட அட்ரிபியூட் (பண்பு) உண்டா, இல்லையா என்று மட்டும் சொல்ல வேண்டிய ஃபங்ஷன் ஏன் இப்படிச் செய்கிறது? இது பைதான் 3-இன் குறையா?

பதில்: குறை பைதான் 2-இல் இருந்தது. ஹேஸ்அட்டர் உள்ளுக்குள், அட்ரிபியூட்டின் மதிப்பை எடுத்துத் தரும் கெட்அட்டரை அழைத்துப் பார்த்து, எக்ஸெப்ஷன் (ஓட்டத்தை இடைமறிக்கும் பிழை அறிவிப்பு) எழுந்தால் ‘இல்லை’ என்று விடை தருகிறது. எழுந்தது எந்த எக்ஸெப்ஷன் என்பதை அன்று அது பொருட்படுத்தவில்லை. நீங்கள் தேடும் அட்ரிபியூட் ஒரு பிராப்பர்ட்டியாக, அதாவது கேட்கும்போது நிரல் ஒன்றை ஓட்டி மதிப்பைத் தரும் அட்ரிபியூட்டாக, இருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் கெட்அட்டர் அதன் நிரலையே ஓட்டும். அங்கே எண்ணாக மாற்ற முடியாத சரம் ஒன்று வந்து வேல்யூஎரர் எழுந்தாலும், பைதான் 2 அதை விழுங்கிவிட்டு, அப்படியோர் அட்ரிபியூட்டே கிடையாது என்று சாதிக்கும். ஆகவே உங்கள் நிரல் சிக்கலின்றி ஓடவில்லை. செய்ய வேண்டிய வேலையைச் சத்தமில்லாமல் தாண்டிப் போயிருக்கிறது.

2008-இல் 2.6 வெளிவரும் வரை, ஓட்டத்தை நிறுத்தப் பயனர் கன்ட்ரோல்-சி அழுத்தும்போது எழும் கீபோர்டுஇன்டரப்ட்டைக்கூட ஹேஸ்அட்டர் விழுங்கிவந்தது என்பதை இன்று நம்புவது கடினம். அந்தப் பதிப்பு அதையும், நிரலை முடித்துக்கொள்ள எழுப்பப்படும் சிஸ்டம்எக்ஸிட்டையும் மட்டும் வெளியே விட்டது. அட்ரிபியூட் இல்லாதபோது எழும் அட்ரிபியூட்எரரை மட்டுமே பிடித்து, மற்ற யாவற்றையும் அழைத்தவருக்கே அனுப்பும் முறையான திருத்தம் 2011-இல் வந்த 3.2-இல்தான் நடந்தது. 2.7-ஐ நம்பியிருந்த நிரல்களுக்கு அது எட்டவில்லை.

ஹேஸ்அட்டர் வரியைச் சுற்றி ‘டிரை – எக்ஸெப்ட்’ போட்டுப் பழைய நடத்தையை மீட்க நினைக்காதீர்கள். மொழி திருத்திக்கொண்ட தவறை நீங்கள் மறுபடி எழுதுவதாகவே அது முடியும். பிராப்பர்ட்டிக்குள் சென்று, அந்தச் சரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

புதிய ஹேஸ்அட்டரிலும் ஒரு சந்து அடைபடவில்லை. பிராப்பர்ட்டிக்குள்ளேயே வேறோர் அட்ரிபியூட்டின் பெயரைப் பிழையாக எழுதியிருந்தால், அங்கே எழுவதும் அட்ரிபியூட்எரர்தான் என்பதால், வெளியே ‘இல்லை’ என்ற பொய்யான விடையே கிடைக்கும். பிராப்பர்ட்டியை ஓட்டாமல் அது இருக்கிறதா என்று மட்டும் அறிய, ஆப்ஜெக்ட்டை விடுத்து அதன் கிளாஸிடம் ஹேஸ்அட்டர் கேட்கலாம். அல்லது அதே 3.2-இல், ஆப்ஜெக்ட்டுகளை ஆராய உதவும் இன்ஸ்பெக்ட் மாட்யூலில் சேர்ந்த ‘கெட்அட்டர் ஸ்டாட்டிக்’கைப் பயன்படுத்தலாம். ஆனால் கேட்கும்போதே உருவாக்கித் தரப்படும் அட்ரிபியூட்டுகள் இந்த இரண்டு வழிகளிலும் அகப்படமாட்டா.